காய்ந்துவிட்டது என்று நான் சொன்ன தோட்டா

என் தங்கை மாரியாயியைக் கட்டிக்கொள்வதற்கு முன்பே என் தோளில் கைபோட்டு நடந்த பிரியமான மாப்பிள்ளை வீரையாவுக்கு,

நான்தான், உன் மச்சான் சின்னச்சாமி. இது என் சொந்தக் கையெழுத்து. யாரும் எழுதித் தரவில்லை. மேலே இருக்கிற உன் பேரை எழுதிவிட்டுத் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தேன். மூன்றே எழுத்து. அதற்குள் நீ வந்து உட்கார்ந்துவிட்டாய்.

அறுபத்து மூன்று வயதில் எழுதப் படித்தேன் என்றால் நம்புவாயா? சொல்லிக் கொடுத்தது என் மருமகள் பாக்கியம். உனக்கு அவளைத் தெரியாது. நீ போன பிறகுதான் வலப்பனைப் பக்கமிருந்து என் மகனுக்குப் பெண் எடுத்தோம். அஞ்சாம் வகுப்பு படித்தவள், வாய் கொஞ்சம் நீளம். தேயிலைப் பெட்டிப் பலகையில் கரியால் எழுதிக் காட்டுவாள். "மாமா, கொழுந்து கிள்ளுற மாதிரி பென்சிலப் புடிக்காதீங்க, ஒடியுது. இது பென்சிலு, ஒங்க மேல கோபப்படாது, மெதுவாப் புடிங்க" என்பாள்.

போன மாதம் ஹட்டனில் பஸ்ஸுக்கு நின்றேன். நெற்றியில் பலகை மாட்டிய பஸ் வந்தது. டி, க், கோ, யா என்று ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்து, "டிக்கோயா!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. பக்கத்தில் நின்ற பொம்பிளை, "எங்க போகணும் தாத்தா?" என்று கேட்டாள். "டிக்கோயாவுக்குத்தான்" என்றேன். அவள் சிரித்த சிரிப்பு! நானும் சிரித்தேன். அடுத்த பஸ் வரும்வரை கடைப் பலகைகளை எல்லாம் வாசித்துக்கொண்டே நின்றேன்.

இப்படி ஒரு சந்தோஷம் எனக்கு இந்த வயதில் வந்ததற்கு வெட்கப்படுகிறேன் மாப்ள. ஏனென்றால் நான் எழுத்துப் படித்ததே உனக்கு ஒரு விஷயத்தைச் சொல்லத்தான். நல்ல விஷயம் இல்லை.

முதலில் இதை வேறு கையால் எழுதப் பார்த்தேன். நம்ம ஆட்களுக்கு ஊர்க் காகிதம் எழுதிக் கொடுப்பாரே, ஹட்டனில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா, அவரிடம் போனேன். "மாப்பிள்ளை வீரையாவுக்கு" என்று தொடங்கச் சொன்னேன். அவர் பேனாவை நிறுத்தினார். "அவர் மௌத்தாப் போயிட்டாரே சின்னச்சாமி. எந்தப் போஸ்டாபீசுல போடுறது?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, சிரிப்பை விட்டுவிட்டார். "மனசுல என்னமோ கெடக்கு. இந்த மாதிரிக் காகிதத்த அடுத்தவன் கையால எழுதக் கூடாது" என்று தாளை மடித்து என்னிடமே தந்தார். அந்தத் தாளிலிருந்துதான் இப்போது தொடங்கியிருக்கிறேன். நாலு வரிக்கு ஒரு பென்சில் முனை போகிறது. போகட்டும்.

விஷயம் இதுதான். ஒன்பது வருஷமாக உன் பேரின் மேல் ஒரு பொய் கிடக்கிறது. நீ குடித்துவிட்டு, தோட்டா போடாத வெறும் துவக்கைத் தூக்கிக்கொண்டு காட்டுப் பன்றிக்கு முன்னால் போய் நின்றாய் என்று இந்தத் தோட்டம் முழுக்கச் சொல்கிறது. அந்தப் பொய் என்னால் வந்தது. உன் சாவும் என் கையால் வந்ததுதான்.

மாரியாயி அடுத்த வெள்ளிக்கிழமை மகனோடு இந்தியாவுக்குப் போகிறாள். காகிதம் எல்லாம் வந்துவிட்டது. தலைமன்னார் வரைக்கும் ரயில், அங்கே கப்பல். நேற்று தகரப் பெட்டி அடுக்க உதவிக்குப் போனேன். தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை ஒரு தடவை உன்னைத் துவக்கோடு நிற்கவைத்துப் படம் பிடித்துக் கொடுத்தாரே, அந்தப் படம் சுவரிலேயே மாட்டியிருந்தது. இறக்கிப் பெட்டிக்குள் வைக்கப் போனேன்.

"அது இங்கயே கெடக்கட்டும்ணே" என்றாள்.

"ஏன் புள்ள?"

"ஆத்தா வாசல்ல கற்பூரம் அடிச்சு, இனிக் குடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு அத முறிச்ச மனுசன். கடல் தாண்டி எதுக்குத் தூக்கிட்டுப் போகணும்?"

கோபமாகச் சொல்லவில்லை. சேலையை மடித்துக்கொண்டே சொன்னாள். நான் படத்தைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன். வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

பீப்பாய் உனக்கு நினைவிருக்கும். தொரைக்குப் பிராந்தி வந்த சின்ன மரப் பீப்பாய். அதன் விலாவில் ஒரு வாய் வெட்டி, பழைய டியூப் ரப்பர் வைத்து, தண்ணீர் ஒழுகாத மூடி போட்டாய். இரண்டு உருளைமேல் அதைப் படுக்கவைத்து, தேயிலை அரைக்கிற ஸ்டோரில் ரோதைகளைச் சுற்றும் நீளத் தண்டிலிருந்து ஒரு தோல் வாரை இழுத்து மாட்டினோம். கொழுந்து அரைக்கிற ரோதை ஒரு பக்கம் சுற்ற, மூலையில் நம்ம பீப்பாயும் உருண்டது. முதல் நாள் வாரை மாட்டும்போது, ஸ்டோருக்குக் காவலான ரோதை முனிக்குக் கற்பூரம் காட்டினாய். "முனி, இதுவும் ஒன் ரோதையோட குட்டிதான், பாத்துக்க" என்றாய்.

நீ பன்றிக் காவல். தொரை உனக்கு ஒற்றைக் குழல் துவக்கும் நாற்பது பித்தளைத் தோட்டாக் கூடும் கொடுத்திருந்தார். காகிதத் தோட்டா மாதிரி ஒரு வெடியோடு தூக்கி எறிய முடியாது, கழுவிக் கழுவித் திரும்ப நிரப்ப வேண்டும். கறுப்பு மருந்து வெடித்த கூடு உள்ளே அடுப்புச் சட்டி மாதிரி கரி பிடித்திருக்கும். அந்தக் கரியோடு நிரப்பினால் குழலில் சிக்கிக்கொள்ளும். முன்பெல்லாம் குச்சியில் துணி சுற்றித் தேய்ப்பாய். விரல் எல்லாம் வெந்துபோகும். பீப்பாய் வந்த பிறகு அந்த வேலை இல்லை. பாதித் தண்ணீர், சீவின சவுக்காரம், எலுமிச்சை அளவு புளி. அதோடு தொரையின் பாட்டுப் பெட்டியில் தேய்ந்துபோன ஊசி இரண்டு கை. பங்களாவில் தகரம் தகரமாகக் கிடந்தது அந்த ஊசி. அதுதான் கூட்டுக்குள்ளே போய்ச் சந்து பொந்தெல்லாம் சுரண்டும்.

ஒரு மணி நேரம் உருண்டால் போதும். அதற்கு மேல் புளியில் கிடந்தால் பித்தளை செம்பு நிறத்துக்குத் திரும்பிவிடும், அதையும் நீதான் கண்டுபிடித்தாய். மூடியைத் திறந்தால் தண்ணீர் மை மாதிரி கறுப்பாகக் கொட்டும். கீழே நாற்பது கூடும் அம்மன் கோயில் குத்துவிளக்கு மாதிரி மின்னும். நீ ஒன்றை எடுத்து மூக்குத்தி பார்க்கிற மாதிரி திருப்பித் திருப்பிப் பார்ப்பாய். "மச்சான், இத வெடிக்கவே மனசு வரலடா" என்பாய். எனக்கும் அப்படித்தான் இருக்கும்.

கழுவுவதும் காய வைப்பதும் என் வேலை. அடியில் நெருப்புப் பொறி தருகிற கேப்பு அடித்து, மருந்தும் ஈயமும் நிரப்பி, தக்கை வைத்து மெழுகு ஊற்றுவது உன் வேலை. தேயிலை காய்கிற டிரையர் வாயில் ஒரு தட்டு வைப்பேன், அரை மணியில் எலும்பு மாதிரி காய்ந்துவிடும். அந்தப் பழக்கம் எப்படி நின்றது, ஞாபகம் இருக்கிறதா? டீமேக்கர் ஐயா ருசி பார்க்கத் தேத்தண்ணி போட எடுத்த தூளில் ஒரு பாட்டுப்பெட்டி ஊசி கிடந்தது. ஆள் குதித்தார். "ஏன்டா, லண்டன்ல தேத்தண்ணி குடிக்கிறவன் வாயில பாட்டு வரணுமா? ஒங்க துவக்குக் கடைய இனி என் டிரையர் பக்கம் கண்டேன், ரெண்டு பேரையும் உள்ள தள்ளிக் காய வச்சிருவேன்!" நாம் வெளியே வந்து வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது மாப்ள.

அம்மன் திருவிழாவுக்கு இரண்டு நாள் முந்தின கழுவலை நான் மாடிக்கு எடுத்துப் போனேன். கொழுந்து வாட்டுகிற மாடி என் இடம். இருபத்தாறு வருஷம் அங்கே வேலை. கொழுந்தை ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் அழுத்திவிட்டால், வாடியது போதுமா போதாதா என்று எனக்குத் தெரிந்துவிடும். டீமேக்கர் ஐயாவே என் கையைக் கேட்டுத்தான் ரோதையை ஓட்டுவார். அந்தக் கையின் மேல் எனக்கு எவ்வளவு கர்வம் என்று உனக்குத் தெரியும்.

சாக்குத் தட்டில் மழைக்கொழுந்து பரப்பியிருந்தது. அதன் ஓரத்தில் நாற்பது கூட்டையும் வரிசையாக நிறுத்தினேன். காற்றாடி சூட்டுக்காற்றை ஊதிக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் வந்து, கொழுந்தைப் பிடிக்கிற மாதிரியே ஒரு பிடி கூட்டை அள்ளி அழுத்திப் பார்த்தேன். வெதுவெதுப்பாக, பட்டு மாதிரி இருந்தது. ஈரம் இல்லை.

பித்தளைக்கு வெளியே ஈரம் இல்லை. உள்ளே, அடியில், கேப்பு உட்காருகிற அந்தச் சின்னக் குழியில் என்ன இருந்தது என்று உள்ளங்கைக்கு எப்படித் தெரியும்? அந்த மாடிக் காற்று இலையிலிருந்து தண்ணீரை உறிஞ்சுகிற காற்று. நனைந்த கொழுந்துக்கு நடுவே அதுவே ஈரமாகத்தானே இருக்கும்? இருபத்தாறு வருஷம் அந்தக் காற்றிலேயே நின்றவன் எனக்கு அது தோன்றவில்லை. ஒரு குச்சியில் துணி சுற்றி உள்ளே விட்டுப் பார்த்திருந்தால் போதும்.

மத்தியானம் நீ நிரப்ப உட்கார்ந்தாய். நான் மறக்க நினைத்து மறக்க முடியாத பேச்சு இது.

"காஞ்சிருச்சா மச்சான்?"

"காஞ்சிருச்சு."

"உள்ள?"

"டேய், என் கையையே சந்தேகப்படுறியா?"

"ஒன் கைய சந்தேகப்பட்டா இந்தத் தோட்டத்துல எவனும் தேத்தண்ணி குடிக்க முடியாதுடா சாமி" என்று சிரித்துக்கொண்டே நிரப்பினாய்.

திருவிழா முடிந்து, மஞ்சத்தண்ணியும் ஊற்றி, அதற்கும் மறுநாள். பாதி ஆட்கள் இன்னும் தெளியவில்லை. நீ மட்டும் காலையில் கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணி குடித்தாய். மாரியாயிக்குச் சத்தியம் செய்து எட்டு மாதம் ஆகியிருந்தது. நான் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உன் வாயில் கருப்பட்டி வாசம் தவிர வேறு வாசம் இல்லை. இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சொல்வேன்.

பத்து மணி இருக்கும். மிஸ்டுப் பனி லேசாக இறங்கியிருந்தது. ஸ்டோருக்குக் கீழே ஆறாம் நம்பர் மலையில் கொழுந்தெடுத்த பெண்கள் ஓடைக்குள் பன்றி நிற்கிறது என்று கத்தினார்கள். நீ துவக்கோடு இறங்குவதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். பெண்களுக்கும் ஓடைக்கும் நடுவே போய் நின்றாய். பன்றி வெளியே வந்தது. நீ துவக்கைத் தூக்கினாய். வெடிச் சத்தத்துக்குக் காத்திருந்தேன்.

வரவில்லை. "டக்" என்று மட்டும் கேட்டதாகப் பெண்கள் பிறகு சொன்னார்கள்.

நான் ஓடி வந்தபோது பெண்கள் மேலே ஓடியிருந்தார்கள். பன்றியும் போய்விட்டது. நீ தேயிலைச் செடியில் சாய்ந்து, பன்றி கிழித்த தொடையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு கிடந்தாய். என் தலைப்பாகையை அவிழ்த்து இறுக்கிக் கட்டினேன். அதற்குள் நீ மயங்கிவிட்டாய். துவக்கு பக்கத்தில் கிடந்தது. அதை மடக்கித் திறந்து, தோட்டாவை உருவி, மடியில் செருகிக்கொண்டேன்.

ஏன் எடுத்தேன்? ஒன்பது வருஷமாகக் கேட்கிறேன். மறைக்கவா? பார்க்கவா? கை முந்திக்கொண்டது, தலை பிந்திவிட்டது என்று சொன்னால் நீ ஒத்துக்கொள்வாயா?

பிறகு தொரை வந்தார். துவக்கைத் திறந்தார். உள்ளே ஒன்றும் இல்லை.

மறுநாள் காலையில், வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டில் பெரிய கங்காணி எல்லார் முன்னாலும் சொன்னார். "மஞ்சத்தண்ணிக்கு ஊத்துன சரக்கு இன்னும் எறங்கல போல. பன்னிய மொறச்சே கொல்லலாம்னு வெறும் துவக்கத் தூக்கிட்டுப் போயிருக்கான்." சிலர் சிரித்தார்கள். நான் அந்த வரிசையில் நின்றேன். தோட்டா என் மடியில் இடுப்பைக் குத்திக்கொண்டிருந்தது. ஒரு அடி முன்னால் எடுத்து வைத்திருந்தால் போதும். வைக்கவில்லை. என் கையை நம்பித்தான் அந்த ஸ்டோர் ஓடுகிறது என்று ஒரு நினைப்பு. அந்தக் கை பொய் சொன்னது என்று எல்லார் முன்னாலும் எப்படிச் சொல்வது என்று ஒரு பயம். அவ்வளவு அற்பமான காரணம்தான்.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தாய். இரண்டாம் நாள், காய்ச்சல் கொஞ்சம் விட்ட நேரத்தில் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாய்.

"மச்சான், நான் தோட்டா போட்டேன்ல?"

நான் உன் போர்வையை இழுத்துவிட்டேன்.

"போட்ட மாதிரித்தான் ஞாபகம். தொரை தொறந்து பாத்தாராமே, ஒண்ணுமே இல்லையாமே."

"பேசாத மாப்ள. தூங்கு."

"அப்ப போடலையா நானு?" கூரையைப் பார்த்தாய். "மறந்துட்டேன் போல. மாரிக்கிட்டச் சொல்லு மச்சான், நான் குடிக்கல. சும்மா மறந்துட்டேன், அம்புட்டுத்தான்."

உன்னையே நீ சந்தேகப்பட்டுக்கொண்டு போனாய். நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ நிம்மதியாகக் கண்ணை மூடியிருப்பாய்.

உன் சேதியை மாரியாயியிடம் சொன்னேன். பாதியை மட்டும் சொன்னேன். "குடிக்காதவன் தோட்டாவ மறப்பானாண்ணே?" என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இருந்தது, சொல்லவில்லை. அன்றிலிருந்து அவள் குடிகாரன் பொஞ்சாதி. உன் மகன் குடிகாரன் மகன். அவள் ஒரு தடவையாவது உன் படத்துக்குப் பொட்டு வைத்து நான் பார்த்ததில்லை.

கருமாதி முடிந்த பிறகு, தனியாக உட்கார்ந்து ஒரு ஆணியால் மெழுகைக் கிளறி அந்தத் தோட்டாவைத் திறந்தேன். ஈயம் சரியாக இருந்தது. தக்கை சரியாக இருந்தது. அடியில் மருந்து, நனைந்த சாம்பல் மாதிரி கட்டிப்பட்டிருந்தது. திருப்பிப் பார்த்தேன். கேப்பின் நடுவில் ஒரு குழி. துவக்கின் குதிரை விழுந்து அடித்த குழி. அளவாக, நட்ட நடுவில்.

நீ தோட்டா போட்டிருந்தாய். குறி வைத்திருந்தாய். விசையை இழுத்திருந்தாய். உன் வேலையில் ஒரு குறையும் இல்லை. அதற்குச் சாட்சி அந்தக் குழி. அதை ஒரு தகர டப்பாவில் போட்டுக் கூரை இடுக்கில் வைத்துவிட்டு, ஒன்பது வருஷம் கொழுந்து வாட்டப் போய் வந்தேன்.

இங்கே மற்றதெல்லாம் மாறிவிட்டது. தொரை போய், நம்ம நாட்டுத் தொரை ஒருவர் வந்திருக்கிறார். அவருக்கு வேட்டை பிடிக்காது, பூச்செடி பிடிக்கும். நம்ம பீப்பாயை இரண்டாக அறுத்துப் பங்களா வாசலில் பூ வைத்திருக்கிறார்கள். போகும்போது வரும்போது பார்ப்பேன். நான் வேலையை விட்டாயிற்று. இப்போது மாடியில் என் கைக்குப் பதிலாக ஒரு கண்ணாடிக் கருவி தொங்குகிறதாம். பொய் சொல்லாது என்கிறார்கள். நல்லதுதான்.

நேற்று வீட்டுக்கு வந்ததும் டப்பாவை இறக்கினேன். தோட்டா பச்சைப் பாசி பிடித்திருந்தது. புளியைக் கரைத்து வைத்தும்விட்டேன், பழக்க தோஷம். பாக்கியம் எட்டிப் பார்த்து, "என்ன மாமா, பித்தளை வெளக்குற வேலையா? குடுங்க, நான் தேச்சித் தாறேன்" என்று கை நீட்டினாள். வேண்டாம் என்றேன். புளித்தண்ணியைக் கொட்டிவிட்டேன். இதை மினுக்கினால் மறுபடி என் கையைத்தான் மினுக்குகிறேன். பாசியோடு இருக்கட்டும். குழி தெரிகிறது, அது போதும்.

மாரியாயி என்னை மன்னிப்பாளா மாப்ள? எனக்குத் தெரியவில்லை. அடிக்கலாம். அண்ணன் என்று கூப்பிடாமலே கப்பல் ஏறலாம். ஒன்பது வருஷம் நீ சுமந்ததை, மிச்ச நாளைக்கு நான் சுமப்பதில் என்ன குறைந்துவிடும்?

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நாளைக் காலையில் இந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு அவளிடம் போவேன். பாக்கியத்தை வாசிக்கச் சொல்ல மாட்டேன். நானே எழுத்துக் கூட்டி வாசிப்பேன். எங்கே நாக்குத் தடுக்கினாலும் நின்று, மறுபடி தொடங்கி, கடைசி வரி வரை வாசிப்பேன். தோட்டாவை அவள் கையில் கொடுத்து, விரலைப் பிடித்து அந்தக் குழியில் வைப்பேன். படத்தை நான் தொட மாட்டேன். ஆணியிலிருந்து இறக்குவதாக இருந்தால் அவளே இறக்கட்டும். பிறகு இந்தக் காகிதத்தைக் கொண்டுபோய்ப் பெரட்டுக் களத்துச் சுவரில் ஒட்டுவேன். சிரித்தவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு நான் பக்கத்தில் நின்று வாசித்துக் காட்டுவேன்.

ஆஸ்பத்திரியில் நீ கேட்டாயே ஒரு கேள்வி. பதில் இப்போதுதான் எழுத வந்திருக்கிறது.

போட்டாய் மாப்ள. நீ தோட்டா போட்டாய்.

உன் மாரியாயியின் அண்ணன்,
உன் மச்சான்,
சின்னச்சாமி